சன்மானமும் கூலியும்

தமிழிற் கூலி என்னுஞ் சொல் பல கூட்டுச் சொற்களுக்குத் தாயாக விளங்குகின்றது. அச்சுக்கூலி, தையற்கூலி, ஏற்றுக்கூலி, வண்டிக்கூலி, பொற்கொல்லரின் செய்கூலி என அச்சொல் சென்ற இடமெல்லாம் ஒரு கணக்கையும் உடன்கொண்டு செல்கின்றது. இன்ன வேலை, இவ்வளவு பணம், வேலை முடிந்ததுந் தரப்படல் வேண்டும் என்பனவே அக்கணக்கின் உறுப்புகள். ஆயின் எழுத்துக்கூலி என்றோ, மொழிபெயர்ப்புக்கூலி என்றோ, ஓவியக்கூலி என்றோ எவருங் கூறக் கேட்பதில்லை. அவ்விடத்திற் சன்மானம் என்ற சொல் வந்து நிற்கின்றது. சன்மானம் என்பதன் நேர்ப்பொருள் மதிப்பளித்தல். மதிப்பு அளிப்பவரின் மனத்தைப் பொறுத்தது. அதற்கு அளவில்லை, தவணையில்லை, நிலுவையுமில்லை. கூலியைக் கொடாதவர் கடன்காரராகின்றார். சன்மானத்தைக் கொடாதவர் வெறும் மறதிக்காரராகித் தப்பிவிடுகின்றார்.

தகுதி வழக்கு மூன்றனுள் இடக்கரடக்கலை ஒன்றாக இலக்கண நூலார் வகுத்தனர். அவையிற் சொல்லத் தகாததை வேறொரு சொல்லால் மறைத்துக் கூறுதல் அதன் இயல்பு. தமிழறிந்தோர் அவையிற் பணம் இன்று அவ்வாறு மறைத்துக் கூறப்படும் பொருளாகிவிட்டது. இதற்கு வரலாற்றுக் காரணம் ஒன்றும் உண்டு. ஆங்கிலேயத் தோட்டத் துரைமார் கூலி என்ற சொல்லை மனிதருக்கே பெயராக்கினர். மலையகத்திற்குக் கொண்டுவரப்பட்டோர் தொழிலாளர் என்ற பெயரைப் பெறுவதற்கே நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. அச்சொல்லின்மேற் படிந்த இழிவைக் கண்டு படித்த வர்க்கத்தினர் ஒதுங்கினர். ஒதுங்கியபோது அதனுடன் ஒட்டியிருந்த உரிமையையும் விட்டே ஒதுங்கினர். விளைவு விசித்திரமானது. 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி, மாதக் கணக்கிற் கூலி பெறுந் தொழிலாளிக்கு மாதம் முடிந்து 10 நாட்களுக்குள் அது கொடுக்கப்படல் வேண்டும். அத்தொழிலாளியின் அவலம்பற்றி ஆங்கிலத்தில் எழுதப்படும் ஆய்வறிக்கையைத் தமிழாக்கிக் கொடுப்பவருக்கோ எந்தச் சட்டமும் எந்தத் திகதியையும் குறித்து வைக்கவில்லை.

நிறுவனமொன்றின் சம்பளப் பட்டியலிற் பெயரில்லாது, வேலைக்கு வேலை ஒப்புக்கொண்டு வாழ்வோரைச் சுயாதீனமாகத் தொழில் புரிவோர் என அழைப்பது வழக்கம். மொழிபெயர்ப்பாளர், ஓவியர், நூல் வடிவமைப்போர், ஒப்புநோக்குவோர், பிரதேச நிருபர், நாடகப் பிரதி எழுதுவோர், கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஆகியோர் இவருள் அடங்குவர். சுயாதீனம் என்பது கேட்பதற்கு இனிய சொல். அவர் எவருக்கும் அடிமையல்லர் என்பது அதன் ஒருபக்கம்; அவருக்கு எவரும் பொறுப்பல்லர் என்பது மறுபக்கம்.

இதன் நடைமுறையை அறிவதற்குப் பெரிய நிறுவனங்களைத் தேடிச்செல்ல வேண்டியதில்லை. எந்தவொரு விழாக்குழுவின் கணக்கேட்டையும் புரட்டினாற் போதுமானது. மண்டபத்துக்கு முற்பணங் கட்டப்பட்டிருக்கும். பந்தற்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் அன்றிரவே பணம் போயிருக்கும். நாதஸ்வர, தவிற் குழுவினர் நாட்குறிக்கும்போதே அச்சாரம் பெற்றிருப்பர். அச்சகத்தாருக்கு முழுத்தொகையும் கொடுபட்டிருக்கும். மலரின் அட்டைப்படத்தை வரைந்தவர், வாழ்த்துச் செய்திகளைச் சிங்களத்திலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் பெயர்த்தவர், இரவிரவாக விழித்திருந்து பக்கங்களை அமைத்தவர், எழுத்துப்பிழை பார்த்தவர் ஆகியோரின் பெயர்கள் அக்கணக்கேட்டில் இரா. அவை நன்றியுரையில் இருக்கும். மேடையில் ஒரு பொன்னாடையும் இருக்கலாம். பொன்னாடைக் கடைக்காரருக்குப் பணங் கொடுத்தாகிவிட்டது என்பதையுஞ் சேர்த்துக்கொள்ளல் வேண்டும்.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் விழாக்குழுவினரின் கெட்ட மனமன்று. அவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். அச்சகத்தார் பணம் வரும்வரை மலர்க்கட்டுகளை வெளியே விடார். ஒலிபெருக்கிக்காரர் ஒலிவாங்கியைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார். ஓவியர் தாம் வரைந்ததை முன்னரே கையளித்துவிட்டார். எவர் கையில் இன்னும் ஏதாவது தங்கியிருக்கின்றதோ அவருக்குப் பணங் கிடைக்கின்றது. வேலையின் அருமை, கலையின் உயர்வு, செய்தவரின் புலமை ஆகியவற்றுக்கும் பணங் கொடுபடும் ஒழுங்குக்கும் யாதொரு தொடர்புமில்லை.

ஆயினும் இதன் அடியிற் சமூக உறவொன்றும் உறைந்து கிடக்கின்றது. யாழ்ப்பாணச் சமூகத்திற் குடிமைத் தொழில் புரிந்தோர் வேலைக்கு வேலை விலைபேசியவர் அல்லர். பிறப்பினால் அவர்மீது சுமத்தப்பட்ட கடமையை அவர் செய்தனர். அறுவடையின்போதும் நன்மை தீமைகளின்போதும் நெல்லோ துணியோ அவருக்கு அளக்கப்பட்டது. எவ்வளவு, எப்பொழுது என்பன கொடுப்பவரின் விருப்பத்திலேயே தங்கியிருந்தன. அது கொடிய முறை. எனினும் கொடுப்பவரையும் அது ஓரளவுக்குக் கட்டிவைத்தது. வருடம் முழுவதும் வேலை வாங்கிவிட்டுக் களத்தில் ஒன்றும் அளக்காது விட்டவர் ஊரிற் பேச்சு வாங்க நேரிட்டது. இன்றைய நிலை அதனினும் வேறானது. வேலையைப் பெறும்பொழுது முதலாளித்துவத்தின் விதிகள் யாவும் செயற்படுகின்றன: குறித்த திகதி, குறித்த தரம், பிழையிருப்பின் மீளச் செய்தல், தாமதமாயின் கண்டனம். கொடுக்கும்பொழுது நிலமானியத்தின் விதி திரும்பி வந்துவிடுகின்றது: இருந்தாற் பார்ப்போம், உங்களை மறந்துவிடுவோமா, அடுத்த கிழமை வாருங்கள். இரு உலகங்களினதும் வசதிகளை ஒருவரே எடுத்துக்கொண்டு, இரண்டினதும் சுமைகளை மற்றவர் தலையில் ஏற்றுவதே இங்கு நிகழ்வது. அண்ணாவியாரை வீட்டுக்கு வருவித்து முற்றத்தில் நிற்கவைத்துப் பேசும் வழக்கம் அருகிவிட்டது. அவரைக் கணக்குக்காக ஆறுமுறை அலையவைக்கும் வழக்கம் அருகவில்லை.

கொடாமைக்குக் கூறப்படும் நியாயங்கள் ஒருசிலவே. முதலாவது தமிழ்ச்சேவை. தமிழுக்குச் செய்யும் தொண்டுக்கு விலை பேசலாமா எனக் கேட்கப்படுகின்றது. தமிழுக்குத் தாளை விற்றவர் விலை பேசினார், மையை விற்றவரும் பேசினார். அவரிடம் இக்கேள்வியை எவரும் எழுப்பியதாகத் தெரியவில்லை. உண்மையிற் சேவை செய்தவர் தம் கைப்பொருளையே இழந்தார். தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும் கலித்தொகையை 1887இலும் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை, பதிப்பு வேலையைத் தம் உத்தியோக வருவாயிலும் ஓய்வூதியத்திலும் தாங்கிநின்றே செய்தார். அது அவர் தாமே தெரிந்தெடுத்த தியாகம். பிறர் கைப்பொருளை எடுத்துத் தாம் தியாகி எனப் பெயர்பெறுவதற்கு அவர் வாழ்வில் முன்மாதிரி கிடையாது.

இரண்டாவது பெயர். இவ்வேலையாற் பெயர் வரும், பெயரால் வேறு வேலைகள் வரும் என்பர். வருகின்றன; அவையும் பெயருக்காகவே வருகின்றன. இந்நியாயத்தை இதற்குமேல் ஆராய்வதற்கு ஒன்றுமில்லை.

மூன்றாவதே மிக நுட்பமானது: எமக்கே இன்னும் பணம் வரவில்லை என்பது. 1987இல் நிறைவேறிய 13ஆம் திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியாயிற்று. அதன் பின்னரும், சிறப்பாக 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையைத் தொடர்ந்து தொண்டு நிறுவனங்கள் பெருகிய காலத்திலும், ஆவணங்களைத் தமிழாக்கும் தேவை பெருகிற்று. இவ்வேலை பெரும்பாலும் படிப்படியாகவே கீழிறங்கும். கொழும்பிலுள்ள நிறுவனம் ஓர் இடைத்தரகரிடங் கொடுக்கும். அவர் இன்னொருவரிடங் கொடுப்பார். ஈற்றில் மட்டக்களப்பிலோ வவுனியாவிலோ வேலையற்ற பட்டதாரி ஒருவர் பக்கத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் அதனைச் செய்து முடிப்பார். வேலை கீழிறங்கும்பொழுது ஒவ்வொரு படியிலும் காலக்கெடு குறுகுகின்றது. பணம் கீழிறங்கும்பொழுது ஒவ்வொரு படியிலும் தொகை குறுகுகின்றது. மேலே பணம் தடைப்பட்டால் கீழே உள்ளவர் காத்திருத்தல் வேண்டும். அவர் அந்நிறுவனத்தை அறியார். அதனுடன் ஒப்பந்தமும் செய்யவில்லை. இலாபத்திற் பங்கில்லாத ஒருவர் நட்டத்தில் மாத்திரம் பங்காளியாக்கப்படுகின்றார். வேறுவிதமாகக் கூறின், நாட்டின் மிக வறிய பட்டதாரி அந்நிறுவனத்துக்கு வட்டியில்லாக் கடன் வழங்குபவராக மாறிவிடுகின்றார். கடன் கொடுத்தவரே கடன்பட்டவர் போலத் தலைகுனிந்து கேட்பது இதன் உச்சம். கடன் அன்பை முறிக்கும் என்ற பழமொழியைப் பற்றுதலோடு நினைவில் வைத்திருப்பவரும் அவரே.

புலம்பெயர்ந்த வாடிக்கையாளரின் கதை இதன் கிளைக்கதை. தொரொன்ரோவிலோ பாரிஸிலோ வாழும் ஒருவர் தமது கவிதை நூலை யாழ்ப்பாணத்தில் அமைப்பிக்கின்றார். மெய்ப்பு மூன்றுமுறை திருத்தப்படுகின்றது. வெளியீட்டு விழாவின் படங்கள் வந்துசேர்கின்றன. மீதிப்பணம் வந்துசேர்வதில்லை. எல்லை கடந்து வழக்குத் தொடுக்க எவர்க்கும் வசதியில்லை என்பதை இருதரப்பாரும் நன்கறிவர்.

வேலைகொள்வோர் முற்போக்காளராயின் நிலைமை வேறாகும் என எண்ணுவோர்க்கு ஒரு வரலாற்றுச் செய்தி பயன்படும். கார்ல் மார்க்ஸ் ஏறத்தாழப் பத்தாண்டுகளாக, 1862 வரை, நியூயோர்க் டெய்லி ட்ரிபியூன் பத்திரிகைக்கு இலண்டனிலிருந்து கட்டுரைகள் எழுதினார். அவர் குடும்பத்தின் ஒழுங்கான வருவாய் பெரிதும் அதுவே. ஹொரேஸ் கிறீலியின் அப்பத்திரிகை அடிமை முறையை எதிர்த்தது. சோஷலிசக் கருத்துகளுக்கும் இடமளித்தது. அதுவும் அச்சேறிய கட்டுரைக்கே பணங் கொடுத்தது. அச்சேறாதவை எழுதியவரின் நட்டமாயின. சில கட்டுரைகளை அவர் பெயரை நீக்கித் தனது ஆசிரியத் தலையங்கங்களாகவும் வெளியிட்டது. 1857இன் பொருளாதார நெருக்கடி வந்தபோது கிழமைக்கு ஒரு கட்டுரை என வேலையைக் குறைத்தது. அலகுக் கூலி முதலாளித்துவத்துக்கு மிகவும் பொருத்தமான கூலி வடிவம் என மூலதனத்தின் முதலாம் பாகத்தில் எழுதியவர் அதனைத் தமது வீட்டிலிருந்தே கண்டறிந்தவர். இன்று தமது மோட்டார் சைக்கிளுக்குத் தாமே எண்ணெய் ஊற்றிச் சென்று செய்தி சேகரித்து, அச்சில் வந்த செய்திக்கு மாத்திரம் காசு பெறும் பிரதேச நிருபர் அதே வடிவத்திற்குள் வாழ்கின்றார்.

விலை பேசுதல் தமிழ் மரபன்று என்போர் பெரும்பாலும் பெருஞ்சித்திரனாரைத் துணைக்கழைப்பர். அதியமான் நெடுமான் அஞ்சி தம்மைக் காணாமலே அனுப்பிய பரிசிலை, தாம் வாணிகப் பரிசிலர் அல்லர் எனக் கூறி அவர் மறுத்தது புறநானூற்றின் 208ஆம் பாட்டு. பாட்டின் பிற்பகுதியை இவர்கள் படிப்பதில்லை. தமது தகுதியின் அளவை அறிந்து கொடுப்பின் தினையளவும் இனிது என்பதே அப்புலவரின் முடிவு. அளவறிதலை அவர் வேண்டினாரேயன்றி அளவின்மையை அன்று. அவரே, இளவெளிமான் சிறிது கொடுத்தபொழுது கொள்ளாது சென்று, குமணனிடம் யானை பெற்று, அதனைக் கொணர்ந்து இளவெளிமானின் காவல் மரத்திற் கட்டிவிட்டுச் சென்றவர் என்பது 162ஆம் பாட்டு. இன்றைய விழாக்குழுத் தலைவரின் வாயிலிற் கட்டுவதற்கு எவரிடமும் யானையில்லை.

மேலும், பரிசில் கடாநிலை என ஒரு துறையே புறத்திணையில் வகுக்கப்பட்டிருத்தல் ஈண்டு மனங்கொளத்தக்கது. கடாவுதல் என்பது வினாவுதல், வலியுறுத்துதல். தாமதித்த கொடையை வற்புறுத்திக் கேட்பது இலக்கணம் பெற்ற ஒரு பொருளாகும் அளவுக்குத் தாமதமும் கேள்வியும் அன்றே பெருகியிருந்தன. அதியமான் பரிசில் நீட்டித்தபோது ஔவையார் வாயில் காப்போனை விளித்துப் பாடிய 206ஆம் பாட்டில், தம்மை மரந்தச்சனின் கைவல்ல சிறுவருக்கு ஒப்பிடுகின்றார். மழுவோடு காட்டுக்குட் புகுந்தவருக்கு மரம் கிடைப்பது போலத் தமக்கு எத்திசையிலும் சோறு கிடைக்கும் என்கின்றார். உடலுழைப்புக்கும் புலமையுழைப்புக்கும் நடுவே இன்று எழுப்பப்படும் மதிலை அப்பெரும்புலவர் அறியார். பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன் பரிசில் நீட்டித்தபோது ஆவூர் மூலங்கிழார் பாடியது (புறம் 196) இன்னுங் கூர்மையானது. இயல்வதை இயலும் என்பதும், இயலாததை இல்லையென்பதும் ஆகிய இரண்டும் நல்லோர் செயல். இயலாததை இயலும் எனச் சொல்லி இழுத்தடிப்பதும், இயல்வதை இல்லையென மறுப்பதுமே இரப்போரை வாட்டும் என்பது அதன் கருத்து. அவர் கொடு என்று மாத்திரங் கேட்கவில்லை. சொல் என்று கேட்டார். நிதியில்லாத சங்கம் நிதியில்லை என முன்னரே கூறின், ஓவியர் தாம் விரும்பினால் இலவசமாகவே வரைந்து கொடுப்பார். அல்லது அந்நேரத்தில் வேறு வேலை பார்ப்பார். அத்தெரிவை அவரிடமிருந்து பறிப்பதே குற்றம்.

ஆயினும் சங்கப் புலவர் பெற்றிருந்த பரிகாரம் ஒன்றே ஒன்று: வேறொரு வாயிலுக்குச் செல்லுதல். அவருக்கு வழக்கு மன்றம் இருந்ததில்லை. இன்றைய தொழிலாளிக்கு இருக்கின்றது. ஆயின் அதன் கதவு எவ்வளவு காலம் திறந்திருக்கும் என்பதைப் பலரும் அறியார். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம், அதாவது எந்த வழக்கை எத்தனை ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும் என்பதை வரையறுக்குஞ் சட்டம், இன்றும் நடைமுறையிலுள்ளது. எழுத்திலமைந்த ஒப்பந்தத்தின் மீதான வழக்குக்கு அது 6 ஆண்டுகள் கொடுக்கின்றது. எழுத்திலமையாத உடன்பாட்டுக்கு 3 ஆண்டுகள். விற்ற பொருளின் விலை, கடைக்கணக்கு, செய்து முடித்த வேலை, கைவினைஞர், தொழிலாளர், வேலையாட்களின் கூலி ஆகியவற்றுக்கோ ஓராண்டு மாத்திரமே. வாய்ச்சொல்லை நம்பி வேலையைச் செய்து கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர் இவ்வோராண்டு எல்லைக்குள் தள்ளப்படும் அபாயத்தில் இருக்கின்றார்.

தைப்பொங்கலுக்குப் பார்ப்போம், சித்திரைக்குப் பார்ப்போம், அடுத்த மலருக்குச் சேர்த்துத் தருவோம் என்ற சொற்களை இச்சட்டத்தின் வெளிச்சத்தில் வைத்துப் படித்தல் வேண்டும். அவற்றைச் சொல்பவருட் பெரும்பாலோர் இச்சட்டத்தை அறியார். எனினும் அறிந்து சொல்லியிருந்தாற்கூட இதனிலும் திறமையாகச் சொல்லியிருக்க முடியாது. ஓராண்டு முழுவதும் புன்முறுவலோடு தவணை கூறின் கடன் வழக்கு மன்றத்தைப் பொறுத்தவரை இறந்துவிடலாம். வாய்மொழியாற் கடனை ஒப்புக்கொள்வது அக்காலக்கெடுவைப் புதுப்பிக்காது. கடனாளி கையொப்பமிட்டு எழுத்தில் ஒப்புக்கொள்வதே புதுப்பிக்கும். எனவே, உங்களுக்கு இவ்வளவு தரவேண்டியுள்ளது என்ற ஒரு வரிக் கடிதத்தைக் கேட்டுப்பெறுவது மரியாதைக் குறைவாகாது. அதனை எழுத மறுப்பவர் தாம் கொடுக்கப்போவதில்லை என்பதை அன்றே தெரிவித்துவிடுகின்றார்.

தொழிற் சட்டங்களின் நிலையும் ஈண்டு நோக்கற்பாலது. 1954இன் கடை, அலுவலக ஊழியர் சட்டமும் 1958இன் ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும் தொழில்கொள்வோர் ஒருவரின்கீழ் வேலை செய்வோரை மனத்திற்கொண்டு வரையப்பட்டவை. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் மாத்திரம் தொழிலாளர் என்பதற்குத் தரும் வரைவிலக்கணத்தில், ஒரு வேலையைத் தாமே நேரிற் செய்து முடிப்பதற்கான ஒப்பந்தத்தையும் உள்ளடக்குகின்றது. அதனை வரைந்தவரின் நோக்கு விரிந்தது. ஆயின் அச்சட்டத்தின்கீழ் அமைந்த தொழில் நியாயசபையின் கதவு முதன்மையாக வேலைநீக்கப்பட்டவருக்காகவே திறக்கின்றது. ஒரு நூலின் அட்டைப்படத்துக்குரிய காசுக்காக அதனிடஞ் சென்று நிற்பவருக்கு அங்கு இடங் கிடைப்பது அரிது. சிறிய பணப்பிணக்குகளுக்கு 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் வழிவந்த மத்தியஸ்த சபைகள் உள்ளன. அங்கு சட்டத்தரணி வேண்டியதில்லை. செலவும் மிகக் குறைவு. வேலிச்சண்டைக்கும் சீட்டுக்காசுக்கும் அங்கே செல்பவர் உண்டு. கவிஞர் அங்கு செல்ல வெட்கப்படுகின்றார்.

இவற்றினும் வலிய ஆயுதம் ஒன்று எழுதுவோர் கையில் அறியப்படாது கிடக்கின்றது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஊழியர் ஒருவர் தமது தொழிலின்போது ஆக்கியதன் பொருளாதார உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து, தொழில்கொள்வோருக்குரியது. ஊழியரல்லாத சுயாதீன எழுத்தாளரின் நிலை அதுவன்று. அவர் ஆக்கத்தின் உரிமை முதலில் அவருக்கே உரியது. அதனை இன்னொருவருக்கு உடைமையாக மாற்றுவதாயின் எழுத்தும் கையொப்பமும் வேண்டும். சம்பளப் பட்டியலிற் பெயரில்லாமையால் அவர் இழந்தவை பல. பெற்றது இது ஒன்று. இதனைப் பயன்படுத்தி, முழுத்தொகையும் கைக்கு வந்த பின்னரே உரிமை மாறும் என ஒரு வரி எழுதிவைப்பவர் எத்தனை பேர்?

தாமதம் மறுப்பாகாது, என்றாவது கொடுத்துவிடுவோம் என்போரும் உளர். 2022ஆம் ஆண்டை அவர்கள் மறந்திருத்தல் இயலாது. மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த நாணய மாற்று வீதம் மே மாதத்தில் 360ஐ அண்மித்தது. செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி வருடாந்தப் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தை எட்டியது. அவ்வாண்டின் தைமாதத்தில் ஒரு நூலைப் பெயர்த்துக் கொடுத்து, அதற்குரிய காசோலையை வருட இறுதியிற் பெற்றவர், எழுத்தளவில் முழுத்தொகையையும் பெற்றார். அரிசிக் கடையில் அது வெகுவாகச் சுருங்கியிருந்தது. அக்காலத்தில் அச்சகத்தார் மதிப்பீட்டுத் தாளில் இவ்விலை 7 நாட்களுக்கு மாத்திரமே என எழுதிக் கொடுத்தனர். எவரும் அவரைப் பேராசைக்காரர் எனக் கூறவில்லை. தாளின் விலை ஏறுகின்றது என ஏற்றுக்கொண்டனர். மொழிபெயர்ப்பாளர் உண்ணும் சோற்றின் விலையும் ஏறிக்கொண்டிருந்தது.

இனிக் கூறவேண்டியது கசப்பானது. இந்நிலை நீடிப்பதற்கு வேலைகொள்வோர் மாத்திரம் காரணரல்லர். விரிவுரையாளர், ஆசிரியர், அரச உத்தியோகத்தர் எனச் சம்பளம் பெற்றுக்கொண்டே எழுதும் வர்க்கம் ஒன்று தமிழ்ச் சூழலில் மேலோங்கி நிற்கின்றது. மாதமுடிவிற் சம்பளம் வங்கிக்கு வந்துவிடுவதால், எழுத்துக்குப் பணம் வேண்டாம் என மறுப்பது இவருக்கு எளிது. அம்மறுப்பால் வரும் பெருமையும் இனிது. ஒரு பேராசிரியர் மொழிபெயர்ப்பை இலவசமாகச் செய்து கொடுக்கும்பொழுது அந்நிறுவனம் அடுத்த முறை வேலையற்ற பட்டதாரியிடம் என்ன கூறும் என்பதை அவர் எண்ணிப்பார்ப்பதில்லை. பேராசிரியரே வாங்கவில்லை, நீர் வாங்குகின்றீரா என்பதே அது. கொடையாளியின் கொடை இன்னொருவரின் கூலியிலிருந்து எடுக்கப்படுகின்றது. தொழிற்சங்க மொழியில் இதற்கு வழங்கும் பெயர் மிகக் கடுமையானது. வேலைநிறுத்தத்தின்போது தொழிற்சாலைக்குட் புகுவோர்க்குச் சூட்டப்படும் பெயரது. அதே பேராசிரியர் விடைத்தாள் திருத்துவதற்கும் பரீட்சை மேற்பார்வைக்கும் உரிய படியை ஒருசதமும் விடாது கணக்கிட்டுப் பெறுவது நியாயமானதே. அந்நியாயம் எழுத்துக்கும் பொருந்தும்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை மறைத்தலாகாது. டொமினிக் ஜீவா 1966இல் மல்லிகையைத் தொடங்கித் தாமே இதழ்களைச் சுமந்து தெருத்தெருவாக விற்றார். ஆசிரியரே கூலியாளாகவும் நின்று, எவரும் இலாபம் பெறாது நடக்கும் அத்தகைய சிற்றிதழுக்கு எழுதுபவர் ஒரு பொது உழைப்பிற் பங்குகொள்கின்றார். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் மலருக்கு அதன் உறுப்பினர் கட்டுரை எழுதுவதும் அத்தன்மையதே. அங்கு வேலைகொள்வோரும் செய்வோரும் ஒருவரே. கேள்வி எழுவது வெளியாள் ஒருவரிடம் வேலை ஒப்படைக்கப்படும் கணத்தில். திகதி குறித்து, அளவு குறித்து, இவ்வாறு வரைந்து தருக என ஒருவரிடம் கேட்டமையினால் அவர் பங்காளி என்ற நிலையினின்று நீங்கித் தொழிலாளி ஆகின்றார். அவரிடம் மீண்டும் பங்காளியின் தியாகத்தை எதிர்பார்ப்பது, வேலை வாங்குவதற்கு ஒரு முகத்தையும் கணக்குத் தீர்ப்பதற்கு மறுமுகத்தையும் வைத்திருப்பதாகும்.

பிற நாடுகளில் இக்கேள்வி சட்டமன்றம் வரை சென்றுள்ளது. நியூயோர்க் நகரில் சுயாதீனத் தொழிலாளரின் சங்கம் நடத்திய இயக்கத்தின் பின்னர் 2017 மே முதல் ஒரு சட்டம் நடைமுறையில் உள்ளது. 800 டொலருக்குக் குறையாத வேலையாயின் எழுத்திலான ஒப்பந்தம் கட்டாயம். திகதி குறிக்கப்படாவிடின் வேலை முடிந்து 30 நாட்களுக்குள் பணங் கொடுபடல் வேண்டும். தவறின் இருமடங்கு இழப்பீடு கோரலாம். 2024இல் அது நியூயோர்க் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. ஜப்பானில் 2024 நவம்பர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த சட்டம் 60 நாள் எல்லையை விதிக்கின்றது. இவை வேலைகொள்வோரின் மனமாற்றத்தினால் வந்தவையல்ல. தனித்தனியே கேட்பதற்கு அஞ்சியவர் ஒன்றாகக் கேட்டதனால் வந்தவை. இலங்கையில் அத்தகைய சட்டம் வரும்வரை, மேளக்காரரின் வழக்கமே சிறந்த சட்டம். நாட்குறிக்கும்போதே அச்சாரம், மீதி, வாசிப்பு முடிந்து வாத்தியத்தை உறையிலிடுமுன். படம் வரைபவர் அச்சுக்குரிய இறுதிப் பிரதியை மீதிப்பணம் வரும்வரை தம்மிடம் வைத்திருத்தலும், பெயர்ப்பவர் கடைசி அத்தியாயத்தைக் கையளிக்காது வைத்திருத்தலும் அவ்வழக்கத்தின் வேறு வடிவங்கள். ஒருவர் இதனைச் செய்யின் கடினமானவர் எனப் பெயரெடுப்பார். ஒரு மாவட்டத்தின் மொழிபெயர்ப்பாளர் யாவரும் செய்யின் அது வழமையாகிவிடும்.

பல்கலைக்கழகச் சங்கங்களைப் பொறுத்தவரை இதற்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் வறுமையன்று. செயற்குழு ஆண்டுதோறும் மாறுகின்றது. மலர் வெளிவந்து சில மாதங்களிற் பழைய செயலாளர் பட்டம் பெற்று வெளியேறிவிடுவார். புதியவர், அது சென்ற குழுவின் வேலை, எமக்குத் தெரியாது என்பார். பொருளாளரின் கோவையில் அச்சகத்தின் பற்றுச்சீட்டு இருக்கும். ஓவியருடன் பேசியது எவருடைய நினைவிலோ இருக்கும். இவ்வாறு ஒரு குழுவிலிருந்து மறுகுழுவிற்குக் கைமாறுவதற்கும் அவ்வோராண்டு எல்லை கடப்பதற்கும் காலம் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே வேலையை ஒப்படைக்கும் அன்றே ஒரு தாளில் வேலையின் விபரம், தொகை, கொடுபடும் நாள் ஆகியன எழுதப்பட்டு, செயலாளரும் பொருளாளரும் ஒப்பமிட்டு, ஒரு பிரதி ஓவியரிடமும் மற்றது பெரும்பொருளாளரான விரிவுரையாளரிடமும் இருத்தல் வேண்டும். விரிவுரையாளர் அடுத்த ஆண்டும் அங்கேயே இருப்பார்.